பேசக் கூடாத ஆள்

டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது என்கிற ரகம். அப்படிப்பட்டவள் மாதத்தில் ஒருநாள் மட்டும் லிஃப்ட்டை விட்டுவிட்டு, பிரசவ அறை இருக்கிற மூன்றாவது மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போவாள். நர்சுகள் கேட்டால் உடம்பு இளைக்க என்பாள். உடம்பு இளைப்பதாவது, மண்ணாவது! அன்றைக்கு லிஃப்ட்டைச் சரிபார்க்க மெக்கானிக் வந்திருப்பான், அவ்வளவுதான் விஷயம். அவனோடு அவள் பேசக் கூடாது. பேசினால் அவளுக்கு வேலை போய்விடும்.

இதென்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவள் அவள். அவள் கையில் பிறந்த பெண்கள் வளர்ந்து ஆளாகி அவளிடமே பிள்ளை பெற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் மூன்று குடும்பம் அவள்மேல் வழக்குப் போட்டது. முதல் வழக்கில் குழந்தையின் தலை வெளியே வந்தும் தோள் உள்ளே மாட்டிக்கொண்டது. சட்டென்று எடுக்காவிட்டால் உயிர் போய்விடும். இழுத்து எடுத்தாள். உயிர் தங்கியது, வலது கையின் நரம்பு போயிற்று. அந்த இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் இவளுக்கு மனசு கேட்கவில்லை. பெற்றவர்கள் முன்னால் போய் நின்று, என் கையால்தான் இப்படி ஆகிவிட்டது, மன்னித்துவிடுங்கள் என்று அழுதாள். அந்த ஒரு வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் எதிர்த்தரப்பு வக்கீல். டாக்டரே தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார், அப்புறம் என்ன விசாரணை என்று அடித்துப் பேசினார். டாக்டர்மேல் வழக்கு வந்தால் பணம் கட்டுவதற்கென்று அவள் வைத்திருந்த இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது. கொடுத்த கையோடு அவளைக் கூப்பிட்டு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்பதை மிக மரியாதையான வார்த்தைகளில் கேட்டது.

இரண்டாவது வழக்கு ஒன்றுமில்லாதது. போட்டவர்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆனால் கம்பெனியைப் பொறுத்தவரை வழக்கு என்றால் வழக்குதான்.

மூன்றாவதுதான் லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி.

முற்பகல் நேரம். சுகப்பிரசவம். பெண் குழந்தை, அறையே அதிர அழுதது. நர்ஸ் அதைத் துடைக்க ஓரத்து மேசைக்கு எடுத்துப் போனாள். நஞ்சுக்கொடி விழட்டும் என்று டாக்டரம்மா காத்திருந்தாள். அந்தச் சில நிமிஷத்தில் அந்தப் பெண் டாக்டரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாள். குழந்தையின் அழுகையில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. சொல்லி முடித்தவள் இருமினாள், உதடு நீலம் பாய்ந்தது, மூச்சு திணறியது. பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்துவிட்டது. பல்லாயிரம் பேரில் ஒருத்திக்கு வருவது. வரப்போகிறது என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் ஆறு பேர் சேர்ந்து போராடினார்கள். பிழைக்கவில்லை. பெற்ற குழந்தையின் முகத்தை அவள் பார்க்கக்கூட இல்லை.

அவள் சொன்னது என்ன என்று இப்போதே உங்களுக்குச் சொல்லிவிடலாம். ஆனால் அதை முதலில் கேட்க வேண்டியவன் அவள் புருஷன். அவனை முந்திக்கொண்டு நாம் கேட்பது நியாயம் இல்லை, பொறுங்கள்.

அன்றைக்கே டாக்டரம்மா சொல்லியிருக்கலாம். ஆனால் வராந்தாவில் ஒரே கூட்டம், அழுகை, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கத்தல். அவனோ பேயறைந்தவன் மாதிரி நின்றான். கொஞ்சம் ஆறட்டும் என்று விட்டுவிட்டாள். இப்படி உயிர் போனால் டாக்டர் தன் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லியாக வேண்டும் என்பது விதி. சொன்னாள். அடுத்த நாளே கம்பெனி வக்கீல் வந்து, போன தடவை வாங்கிய அடி போதும், இந்தத் தடவை ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை வெளியில் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தாம் நாள் அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். சவரம் செய்யாத முகம், சட்டையில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. அவள் அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "டாக்டர், கடைசியா அவ ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டான்.

தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முதல் வழக்கும், கை தொங்கிப்போன குழந்தையும், தான் அழுது சொன்னதை வக்கீல் வாயால் கோர்ட்டில் கேட்ட வெட்கமும் அவள் கண்ணுக்குள் வந்து நின்றன. "எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமா கேளுங்க" என்றாள்.

அவன் சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்கப்புறம்தான் அவன் மச்சான், செத்துப்போனவளின் அண்ணன், கொதித்துப்போய் வழக்குப் போட்டான். வாய் திறக்காதவளிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதானே எவனும் நினைப்பான்? அவனைக் குறை சொல்ல முடியாது. ஒன்றரை வருஷம் நடந்தது. நிபுணர் குழு ஆராய்ந்து, டாக்டர்மேல் தவறே இல்லை என்று எழுதிக் கொடுத்தது. வழக்கு தள்ளுபடி. ஜெயித்தாள் என்று சொல்ல வேண்டும்.

ஜெயித்தவளைப் பழைய கம்பெனி கைகழுவியது. மூன்று வழக்கு பார்த்த டாக்டர் அபாயகரமான டாக்டராம். ஆஸ்பத்திரியோ, இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லாமல் பிரசவ அறைக்குள் கால் வைக்கக் கூடாது என்றது. கடைசியில், எல்லோரும் கைவிட்ட டாக்டர்களை மட்டும் எடுத்துக்கொள்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதென்று யாரோ சொல்லி, பாலிசிக்காரர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனுஷர், முகத்தில் எப்போதும் பாதிச் சிரிப்பு. அவளுடைய கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். கஷ்டமான கேஸைத் தொடாமல் ஒதுங்குகிற டாக்டர்மேல் வழக்கு வருவதில்லை, மாட்டுகிறவர்கள் எல்லாம் துணிந்து எடுத்தவர்கள்தான், என் வாடிக்கைக்காரர்களைப் போல நல்ல டாக்டர்கள் ஊரிலேயே கிடையாது என்று சிரித்தார். பல மாதத்துக்கு அப்புறம் அவளும் அன்றுதான் சிரித்தாள்.

ஆனால் பாலிசியில் ஒரு நிபந்தனை இருந்தது. முன்பு வழக்குப் போட்டவர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும், கம்பெனியின் எழுத்து அனுமதி இல்லாமல் பேசவோ, விளக்கம் சொல்லவோ, வருத்தம் தெரிவிக்கவோ கூடாது. வருத்தம்கூடக் கூடாது, பாருங்கள்! வருஷா வருஷம் புதுப்பிக்கும் படிவத்தில் கேள்வியும் உண்டு: இந்த ஓராண்டில் அப்படிப் பேசினீர்களா? ஆம், இல்லை. அவள் இரண்டு முறை அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினாள். தற்சமயம் உசிதமாக இராது என்று இரண்டு முறையும் பதில் வந்தது. ஒருவனிடம் அவன் பெண்டாட்டி சொன்னதைச் சொல்ல எந்தச் சமயம்தான் உசிதம் என்று கேட்டு எழுத அவளுக்குத் தைரியம் இல்லை. பிரசவ அறையை விட்டால் அவளுக்கு வேறு உலகம் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் ஒரு அக்கா. நீ ஊர்ப் பிள்ளையெல்லாம் எடுத்தது போதும், வந்து என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடு என்று கேலி பேசுவாள். அவ்வளவுதான் குடும்பம்.

இப்படியே நாலு வருஷம் ஓடப்போகிறது. அவன் வேலை பார்க்கும் கம்பெனிதான் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டுகளைப் பராமரிக்கிறது. மாதம் ஒருமுறை வருவான். வந்தால் தரையில் அவன் கருவிப் பை இருக்கும், கதவில் பலகை தொங்கும். தூரத்திலேயே அதைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிடுவாள். அவனும் அவளைப் பார்த்தால் குனிந்து பைக்குள் எதையாவது தேடுவான்.

போன வாரம் வியாழக்கிழமை பையும் இல்லை, பலகையும் இல்லை. நிம்மதியாக லிஃப்ட்டில் ஏறினாள். இரண்டாவது மாடியைத் தாண்டியதும் ஒரு குலுக்கல், விளக்கு அணைந்தது, லிஃப்ட் நின்றுவிட்டது. மணியை அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப்பக்கம் மேலிருந்து ஒரு குரல், உள்ளே யாராவது இருக்கீங்களா என்று கேட்டது. அவன் குரல். மொட்டை மாடியில் மோட்டார் அறையில் இருந்திருக்கிறான்.

இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் கைப்பையில் அந்த வருஷத்துப் படிவம் இருந்தது. அன்று காலையில்தான் 'இல்லை' என்பதில் குறி போட்டிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, விரலை மடக்கிக் கதவைத் தட்டினாள்.

கேட்டால் சிரிப்பீர்கள். ஐம்பத்தெட்டு வயசு, இத்தனை படிப்பு, இருட்டுப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறாள், காப்பாற்ற வந்தவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாள். சிரித்துக்கொள்ளுங்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

பயத்தில் பேச்சு வராத யாரோ என்று நினைத்துக்கொண்டான் அவன். பரவாயில்லை, பேச வேண்டாம், மூச்சு முட்டினால் ஒரு தட்டு, முட்டவில்லை என்றால் ரெண்டு தட்டு என்றான். ரெண்டு தட்டினாள். கையால்தான் ஏற்றி இறக்கணும், கால் மணி ஆகும், லிஃப்ட் விழாது, சத்தியமா விழாது என்றான். கூட வந்த ஆளை மேலே அனுப்பிவிட்டு, இவன் கதவருகிலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாட்டிக்கொண்டவர்களைத் தனியாக விடக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம்.

"எம் பொண்ணும் இருட்டுன்னா பயப்படுவா" என்றான். "அவங்கம்மா இல்ல. இதே ஆஸ்பத்திரிலதான் போனா. போறதுக்கு முன்னாடி உன்னப் பாத்து சிரிச்சா, உம் பேரச் சொல்லிக் கூப்பிட்டான்னு சொல்வேன். அதக் கேட்டாத்தான் தூங்குவா. என்னங்க, மூச்சு முட்டுதா?"

இருட்டில் டாக்டரம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தட்ட மறந்துவிட்டாள். அவன் பதறிப்போய், தட்டுங்க, தயவுசெஞ்சு தட்டுங்க என்று கத்த, சுதாரித்துக்கொண்டு ரெண்டு தட்டினாள்.

கதவு திறந்தபோது லிஃப்ட்டின் தரை இடுப்பளவு கீழே நின்றது. அவன் குனிந்து கையை நீட்டினான். வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தான். நீட்டிய கையை அவன் மடக்கவில்லை. பார்த்து, மெதுவா, முழங்கால இங்க ஊனுங்க என்று ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேலே விட்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். அப்புறம் பதிவேட்டை எடுத்து, உள்ளே இருந்தவர் ஒரு பெண்மணி, காயம் இல்லை என்று எழுதிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஏன் பேசவில்லை என்று கேட்கவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை பாலிசிக்காரருக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு அந்த வீட்டுக்குப் போகப்போகிறேன் என்றாள்.

"மேடம், நான் பஸ்ல இருக்கேன், ஒண்ணும் காதுல விழல" என்றார் பாலிசிக்காரர். "திங்கக்கிழமை படிவத்த வாங்க வருவேன். அதுல என்ன குறி இருக்கோ, அதுதான் எனக்குத் தெரியும்."

"நான் பொய் எழுத மாட்டேன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். அதனாலதான் விழலங்கறேன்." அந்தப் பாதிச் சிரிப்பு குரலில் இல்லை. அவர் கம்பெனியும் விட்டுவிட்டால் அவளை எடுத்துக்கொள்ள வேறு யாரும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஃபோனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தாள். 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்பதில் குறி போட்டாள். போவதற்கு முன்பே போட்டுவிட்டாள், வாசல் வரை போய்த் திரும்பிவிடக் கூடாதே என்று.

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. இதையும் சேர்த்துச் சிரிக்க வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க அவன் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவன் ஆச்சரியப்படவில்லை. உள்ளே வாங்க டாக்டர் என்று இருந்த ஒரே நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒற்றை அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையற்கட்டு. கொடியில் குட்டிக் குட்டிச் சட்டைகள், சுவரோரம் கருவிகள். தரையில் ஒரு பெண் குழந்தை திருகாணிகளைப் பெரிசு சிறிசு என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா எடுத்த குழந்தை.

"தம்பி, நீங்க அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்க. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

அவன் சட்டென்று கையைத் தூக்கித் தடுத்தான். "வேணாம் டாக்டர். இப்ப வேணாம். இவளுக்கு நான் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்."

அவள் என்ன செய்வாள்? வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு, வாழ்நாள் தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள், கேட்க வேண்டியவன் காதைப் பொத்திக்கொள்கிறான். குறை சொல்லவும் வழியில்லை. கேட்டபோது சொல்லவில்லை, சொல்ல வந்தபோது அவனுக்குக் கேட்கத் தெம்பில்லை. சரிப்பா என்று எழுந்தாள்.

அதற்குள் குழந்தை கிட்டே வந்து நின்றது. இவங்கதான் உன்ன முதல்ல தூக்கினவங்க என்று அவன் சொன்னான். குழந்தை அவளை மேலும் கீழும் பார்த்தது.

"எங்கம்மா என்னப் பாத்து சிரிச்சாங்களா?"

டாக்டரம்மா அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் அப்படி ஒரு கெஞ்சல். இத்தனை வருஷம் உண்மையைச் சொல்ல முடியாமல் கிடந்தவள், முதல்முதலாக அந்த வீட்டில் வாய் திறந்து சொன்னது ஒரு பொய்.

"ஆமாம்மா. நல்லா சிரிச்சாங்க. உம் பேரச் சொன்னாங்க."

"வேற?"

குழந்தைகள் அப்படித்தான். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்று கேட்கும். அது முகத்தை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தது. இன்னொரு பொய்யைத் தேடினாள், அகப்படவில்லை. அவளுக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அது தானாக வந்துவிட்டது.

"உங்கப்பாவத்தான் நெனச்சாங்க. 'அவரு காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாம வாசல்லயே நிப்பாரு டாக்டர், நான் நல்லாத்தான் இருக்கேன், எனக்காக நிக்க வேணாம், போய்ச் சாப்பிடச் சொல்லுங்க'ன்னாங்க."

அப்பாவா என்று குழந்தை சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். டாக்டரம்மா பயந்துபோய், போய்த் தண்ணி கொண்டாம்மா என்று குழந்தையை உள்ளே அனுப்பினாள்.

"நான் அங்க இல்ல டாக்டர்" என்றான். "கீழ கேன்டீன்ல சாப்பிட்டுட்டு இருந்தேன். பசி தாங்கல. அவ மூச்சுக்குத் தவிச்சிட்டிருந்தப்ப நான் சோத்த அள்ளி அள்ளித் தின்னுட்டு இருந்தேன். கடைசியா என்னத் தேடியிருப்பா, எங்க அவருன்னு கேட்டிருப்பான்னு நெனச்சேன். அதக் கேக்க பயந்துதான் இப்ப வேணாம்னேன். அன்னிலேருந்து ஒருவேள சோறு எனக்கு நிம்மதியா எறங்குனதில்ல."

முழங்கால் வலியோடு அவளும் மெல்லத் தரையில் இறங்கி அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். மன்னிச்சிடுங்க தம்பி என்றாள். அவன் கேட்டமாதிரித் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். கோபம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டான்.

"இத ஏன் டாக்டர் அன்னிக்கே சொல்லல?"

அவளிடம் பதில் இருந்தது. அன்றைக்கு வக்கீல் என்ன சொன்னார், அப்புறம் எந்த நிபந்தனை, எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்றுகூடத் தெரியும். குழந்தை தண்ணீர் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிந்தாமல் நடந்து வந்து, அப்பாவுக்கா இவங்களுக்கா என்று கேட்டு நின்றது. டாக்டரம்மா செம்பை வாங்கி, முதலில் அவனுக்குக் குடிக்கக் கொடுத்தாள்.